சிறு பட்டணத்தில் விளம்பர வேலைக்குப் பிட்ச் செய்வது: முதல் சந்திப்பிலிருந்து முன்பணம் வரை

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஓர் ஊரில் பிட்ச் செய்ய, அதாவது கடைக்காரரிடம் யோசனையும் விலையும் சொல்லி விளம்பர வேலை கேட்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சுற்றிலும் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள். நடுவில் ஒரு பெரிய தெரு, சில கடை வரிசைகள், புதிதாக எழும்பிய தாமான்கள் (வீடமைப்புப் பகுதிகள்). ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ டிசைன் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் இங்கே வாய்ப்புக் கேட்டுப் போய், சில மாதத்திலேயே சோர்ந்துவிடுவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். அவர்களுக்குத் திறமை இருக்கிறது. படிகளைத்தான் முன்பின்னாக மாற்றிச் செய்கிறார்கள்.

முதலில் டிசைன் செய்கிறார்கள், அப்புறம் விலை சொல்கிறார்கள், கடைசியில்தான் கடைக்காரருக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் மன உளைச்சலில் பெரும்பகுதி வராமலே போய்விடும். கீழே உள்ள படிகளில் ஒன்றை முடிக்காமல் அடுத்ததுக்குத் தாவ வேண்டாம்.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவு முதலில். சொந்தப் பெயரில் தொழில் நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), தனி வணிகப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். பதிவு எண் இல்லாத கொட்டேஷனை (விலைக் குறிப்பை) கிளினிக், பள்ளி, கூட்டுறவுச் சங்கம் போன்ற இடங்களின் கணக்காளர் தொடமாட்டார். முதலாளிக்கு உங்களைப் பிடித்திருந்தும் கணக்காளர் மேசையில் காகிதம் நின்றுபோகும்.

அந்தப் பதிவை வைத்துத் தொழில் பெயரில் ஒரு வங்கிக் கணக்குத் திறந்துகொள்ளுங்கள். முன்பணம் கேட்கும் நேரத்தில் அம்மாவின் கணக்கு எண்ணைக் கொடுத்தால் எதிரில் இருப்பவருக்குத் தயக்கம் வரும்.

மாதிரி வேலைகள் மூன்று போதும், ஆனால் அச்சில் இருக்க வேண்டும். அஞ்சடியில் (கடை முன்நடையில்) நின்றுகொண்டு, வெயில் அடிக்கும் நேரத்தில், மூக்குக் கண்ணாடியைத் தேடும் ஒருவரிடம் கைப்பேசித் திரையைக் காட்டிப் பயனில்லை. இன்னும் வாடிக்கையாளர் யாரும் இல்லை என்றால் கோயில் திருவிழா நோட்டீஸ், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி பேனர் மாதிரி உண்மையான வேலை ஒன்றைச் செய்துகொடுத்து அதைக் கொண்டு போங்கள். பெரிய நிறுவனக் குளிர்பானத்துக்குக் கற்பனையாகச் செய்த விளம்பரம் இங்கே யாரையும் அசைக்காது. ஊரில் தான் பார்த்த பேனரை நீங்கள்தான் செய்தீர்கள் என்று தெரிந்தால் பேச்சே மாறும்.

கடைசியாக, உங்களுக்கு மட்டும் ஒரு விலைப்பட்டியல். ஒவ்வொரு வேலைக்கும் இதற்குக் கீழே இறங்கமாட்டேன் என்ற தொகையை வீட்டிலேயே எழுதி வையுங்கள். நேரில் “எவ்வளவு தம்பி?” என்று கேட்கும்போது வாயில் வரும் தொகை எப்போதும் குறைவாகவே இருக்கும்.

2. யாரிடம் போவது என்று முடிவு செய்யுங்கள்

கடை வரிசையின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை நுழைந்து நுழைந்து கேட்பது உழைப்பு மாதிரித் தெரியும். அது உங்களைக் களைப்பாக்குவதோடு சரி. ஒரு கடையைப் பட்டியலில் சேர்க்குமுன் மூன்று விஷயம் பாருங்கள்.

போன ஓராண்டில் அவர்கள் விளம்பரத்துக்கு ஏதாவது செலவு செய்திருக்கிறார்களா? ஒரு பந்திங் (நீளவாக்கில் தொங்கும் விளம்பரத் துணி) தொங்கவிட்டிருந்தாலும் போதும். பைசா செலவழிக்காதவரை மாற்றுவதைவிட, செலவழித்துத் திருப்தி இல்லாமல் இருப்பவரோடு பேசுவது எளிது.

இன்னும் வாடிக்கையாளர் வந்தால் சமாளிக்க முடியுமா? வார இறுதி முழுவதும் கல்யாண ஆர்டர் நிறைந்திருக்கும் கேட்டரிங்காரருக்கு விளம்பரம் தொல்லைதான். அவருக்கு வார நாட்களில் இடம் இருக்கலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு போங்கள்.

பணத்தை முடிவு செய்பவர் யார்? கல்லாவில் இருப்பவர் மகனாக இருப்பார், முடிவு சொல்பவர் வீட்டில் இருக்கும் அப்பாவாக இருப்பார். இது தெரியாமல் மகனிடம் எல்லாவற்றையும் காட்டிவிட்டால், அவர் வீட்டில் போய் உங்கள் பேச்சைப் பாதியாகச் சொல்வார். அந்தப் பாதிக்குத்தான் பதில் வரும்.

இன்னொன்று. உங்களிடம் ஏற்கனவே ஒரு நகைக்கடை வேலை இருந்தால், எதிர் வரிசை நகைக்கடைக்குப் போகாதீர்கள். பெருநகரத்தில் ஒரே நிறுவனத்துக்குள் வேறு வேறு குழு வைத்து இரு போட்டியாளர்களையும் கவனிப்பார்கள். இங்கே நீங்கள் ஒரே ஆள், இரண்டு முதலாளியும் ஒரே கோயில் கமிட்டியில் இருப்பார்கள்.

3. முதல் சந்திப்பில் எதையும் காட்டாதீர்கள்

இந்தப் படியில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். ஆர்வத்தில் முதல் நாளே ஒரு லோகோ, இரண்டு பேனர் டிசைன் என்று தயாரித்துக் கொண்டுபோகிறார்கள். முதலாளி என்ன செய்வார்? நிறத்தைப் பற்றிப் பேசுவார். சிவப்பு வேண்டாம், மஞ்சள் போடு, என் அப்பா படத்தைப் பெரிதாக்கு. தொழிலில் என்ன குறை என்ற பேச்சே எழாமல் அரை மணி நேரம் போய்விடும்.

போகும் நேரமும் முக்கியம். 1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டப்படி ஒரு மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். தோட்டச் சம்பளத்தை நம்பியிருக்கும் பட்டணத்தில் மாதத்தின் முதல் வாரம் கடைகளில் கூட்டம் நெரியும். அந்த வாரம் போனால் உங்களை நிற்க வைத்தே அனுப்பிவிடுவார்கள். மாத நடுவில், வார நாளில், காலை பத்தரை மணி போல் போங்கள். மளிகைச் சரக்கு இறங்கி முடிந்திருக்கும், மதியச் சாப்பாட்டுக் கூட்டம் தொடங்கியிருக்காது.

கேட்க வேண்டியது இவ்வளவுதான். வாடிக்கையாளர்கள் எங்கிருந்து வருகிறார்கள், தோட்டத்திலிருந்தா தாமானிலிருந்தா? எந்த நாள் ஈ ஓட்டுகிறீர்கள்? எதை விற்றால் நல்ல லாபம்? முன்பு என்ன விளம்பரம் செய்து பார்த்தீர்கள், அதில் எது பிடிக்கவில்லை? மூன்று மாதம் கழித்து என்ன நடந்திருந்தால் இந்தச் செலவு சரி என்று சொல்வீர்கள்?

கடைசிக் கேள்விக்கு உடனே பதில் வராது. காத்திருங்கள். “ஆள் வரணும்பா” என்பார்கள். எந்த நாளில், எந்தப் பொருளுக்கு, இப்போது எத்தனை பேர் வருகிறார்கள் என்று மெல்லப் பிடித்துக்கொண்டே போனால் ஓர் எண் வெளியே வரும். அந்த எண்தான் பிட்ச்சின் முதுகெலும்பு.

பிறகு பட்ஜெட். நம் ஆட்களிடம் பணத்தைப் பற்றி நேராகக் கேட்கக் கூச்சமாக இருக்கும். அவர்களுக்கும் சொல்லக் கூச்சமாக இருக்கும். அதனால் மூன்று அளவாகச் சொல்லிக் கேளுங்கள். “மாதம் 300 வெள்ளி அளவில் செய்வதும் உண்டு, 800 அளவில் செய்வதும் உண்டு, 2,000 வரை போவதும் உண்டு. உங்களுக்கு எது பக்கமாக இருக்கும் அண்ணே?” முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும். இதைக் கேட்காமல் போய் ஒரு வாரம் உழைத்து 2,000 வெள்ளித் திட்டத்தை 300 வெள்ளிக்காரரிடம் நீட்டுவதுதான் இந்தத் தொழிலில் மனத்தை நோகடிக்கும் அனுபவங்களில் முதன்மையானது.

வேறு யாரிடமாவது கேட்டிருக்கிறார்களா என்றும் வெளிப்படையாகக் கேளுங்கள். ஈப்போவிலிருந்து இரண்டு பேர், பக்கத்து அச்சகம் ஒன்று என்று சொன்னால், அச்சகத்தோடு விலையில் மோத வேண்டியிருக்கும் என்பது அப்போதே தெரிந்துவிடும். ஐந்து பேருக்கு மேல் வரிசையில் இருந்தால் நான் மரியாதையாக விலகிவிடச் சொல்வேன்.

4. ஊரைப் போய்ப் பாருங்கள்

முதலாளி சொன்னது அவர் பக்கக் கதை. அனுமதி கேட்டுக்கொண்டு ஒரு பாதி நாள் கடையிலோ வாசலிலோ இருங்கள். யார் வருகிறார்கள், எந்த மொழியில் கேட்கிறார்கள், எதைக் கேட்டு இல்லையென்று திரும்புகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு டியூஷன் மையத்தை வைத்து விளக்குகிறேன். எல்லா டியூஷன் மையமும் தேர்ச்சி பெற்ற பிள்ளைகளின் படத்தைப் பந்திங்கில் போடும். ஆறாம் ஆண்டு முடிவில் எழுதிய யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது, மூன்றாம் படிவத்தில் எழுதிய பிடி3 தேர்வு 2022-இல் போனது. கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘ஏ’ எண்ணிக்கை காட்ட முன்போல் வழி இல்லை. ஆனால் பழக்கத்தில் அதே மாதிரிப் பந்திங்தான் கேட்பார்கள். வாசலில் நின்று கேட்டால், தோட்டப் பக்கமிருந்து வரும் அம்மாக்கள் முதலில் கேட்பது வேறு: “பிள்ளை எப்படி வரும், எத்தனை மணிக்குத் திரும்பும்?” அப்பா வேலையில் இருப்பார், பஸ் இருக்காது. அப்படியானால் பந்திங்கின் பெரிய எழுத்தில் வர வேண்டியது வேன் போகும் வழியும் திரும்பும் நேரமும்தான். இந்த ஒரு வரியைக் கண்டுபிடித்துவிட்டால் பிட்ச்சில் பாதி வேலை முடிந்தது. மேசையில் உட்கார்ந்து யோசித்தால் இது கிடைக்காது.

தோட்டங்களைப் பற்றியும் பழைய நினைப்பில் திட்டம் போடாதீர்கள். நம் குடும்பங்கள் பல தாமான்களுக்கு மாறிவிட்டன. லயத்து வீடுகளில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இப்போது வங்காளதேசத் தொழிலாளர்கள், இந்தோனேசியத் தொழிலாளர்கள் நிறைய. தமிழ் நோட்டீஸ் ஆயிரம் அடித்து லயத்தில் கொடுக்கிறேன் என்று முன்மொழிபவர், அங்கே போய்ப் பார்க்கவில்லை என்று முதலாளிக்கு உடனே தெரிந்துவிடும். தோட்டம் தனியார் நிலம், உள்ளே போய்க் கொடுக்க ஆபீசில் அனுமதி கேட்க வேண்டும். அதையும் திட்டத்தில் எழுதுங்கள்.

ராகாவில் விளம்பரம் கொடுக்கலாமா என்று முதலாளியே கேட்பார். அது நாடு முழுக்கக் கேட்கும் வானொலி. ஒரே ஒரு கடை வைத்திருப்பவர் ஜொகூர்க்காரர் காதில் விழுவதற்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியிருக்கும் என்று விளக்குங்கள். அந்த நேர்மைக்கே உங்கள் மேல் நம்பிக்கை வரும்.

5. புரிந்ததை எழுதி அனுப்பிச் சம்மதம் வாங்குங்கள்

டிசைனைத் தொடும் முன் செய்ய வேண்டியது இது. கேட்டது, பார்த்தது எல்லாவற்றையும் சுருக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். நீளம் வேண்டாம். இப்படி:

“அண்ணே, நேற்றுப் பேசியது. திங்கள் முதல் வியாழன் வரை மதியச் சாப்பாட்டுக்கு ஆள் குறைவு, இப்போது நாளுக்கு 25 பேர் போல. வார இறுதிக் கேட்டரிங்குக்கு விளம்பரம் வேண்டாம். கூப்பிட வேண்டியவர்கள்: பள்ளி ஆசிரியர்கள், கிளினிக், பேங்க் வேலைக்காரர்கள். மூன்று மாதம் செய்து பார்க்கலாம். மாதச் செலவு 800 வெள்ளிக்குள். முடிவு சொல்வது நீங்களும் அக்காவும். 18-ஆம் தேதி காலை 10.30-க்கு வந்து காட்டுகிறேன். சரியா?”

“சரி தம்பி” என்று ஒரு பதில் வர வேண்டும். வராவிட்டால் வேலையைத் தொடங்காதீர்கள். பின்னால் “நான் இதைக் கேட்கவே இல்லையே” என்ற பேச்சு எழுந்தால் இந்தப் பதில்தான் காப்பாற்றும். பதில் சொல்லக்கூட நேரம் ஒதுக்காதவர் உங்கள் திட்டத்தையும் படிக்கமாட்டார் என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

6. இலவசமாக எவ்வளவு செய்வது என்று கோடு போடுங்கள்

பிட்ச் என்பதே சம்பளமில்லாத உழைப்பு. அதற்கு எல்லை வைக்காவிட்டால் அது தூக்கத்தைத் தின்றுவிடும்.

சட்டத்தில் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 1987-ஆம் ஆண்டு மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் வரைந்ததையும் எழுதியதையும் பாதுகாக்கும், வெறும் யோசனையைப் பாதுகாக்காது. வேன் நேரத்தைப் பெரிதாகப் போடலாம் என்ற யோசனையை இன்னொருவர் எடுத்துக்கொண்டால் வழக்குப் போட முடியாது. இரண்டாவது, ஒருவர் கேட்டுக் கட்டணத்துக்குச் செய்துகொடுத்த வேலையின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்குப் போனதாகவே அந்தச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அசல் கோப்பு யாருடையது, லோகோவை வேறு இடத்தில் பயன்படுத்தலாமா என்பதையெல்லாம் கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள்.

ஆகவே ஒரே ஒரு யோசனை, அதற்கு ஒரே ஒரு மாதிரிப் படம், அதுவும் குறைந்த அளவில், மேலே உங்கள் பெயர் ஓடும்படி. மூன்று மாதப் பதிவுகளின் முழுப் பட்டியல், அசல் கோப்பு, அச்சுக்குத் தயாரான பிடிஎஃப் எதுவும் இப்போது வேண்டாம். அவற்றைக் கொடுத்துவிட்டால் அச்சகமே போதும், நீங்கள் தேவையில்லை. இதற்கு மேல் கேட்டால், “இதற்குக் கட்டணம் இவ்வளவு அண்ணே, வேலை எனக்குக் கிடைத்தால் அதைக் கழித்துவிடுகிறேன்” என்று சொல்லுங்கள். நியாயமான முதலாளி இதற்குக் கோபப்படமாட்டார்.

மாதிரிப் படத்தில் தமிழ் எழுத்தைச் சரிபாருங்கள். இல்லஸ்டிரேட்டர் போன்ற மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி நிற்கும். அச்சுக்கு அனுப்பும்போது எழுத்துகளை வடிவங்களாக மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் அச்சகக் கணினியில் அந்த எழுத்துரு இருக்காது. தமிழ் படிக்கத் தெரிந்தவர் இல்லாத அச்சகத்தில் பிழையைக் கண்டுபிடிக்க யாரும் கிடையாது. ஊர் நடுவில் ஆறு அடிக்கு உடைந்த தமிழ் தொங்குவது கடைக்காரருக்கும் அவமானம், நமக்கும் அவமானம். எனக்கு இது பொறுக்காத விஷயம்.

7. அனுமதிகளைத் திட்டத்துக்குள் கொண்டுவாருங்கள்

“நாளைக்கே பேனர் ஏற்றிவிடலாம்” என்று சொல்லித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சுங்கை சிப்புட், கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. பெயர்ப் பலகைக்கும் பொது இடத்துப் பேனருக்கும் விளம்பர உரிமம் வேண்டும். பலகையில் தேசிய மொழியான மலாய் இருக்க வேண்டும், வாசகத்துக்கு அரசின் மொழி நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் மொழிச் சரிபார்ப்பும் கேட்பார்கள். உரிமம் இல்லாத பேனரைக் கழற்றிக்கொண்டு போனால் முதலாளி உங்களைத்தான் பார்ப்பார்.

கிளினிக், மருந்துக்கடை, நாட்டு வைத்தியம் என்றால் இன்னும் கவனம். 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டத்தின் கீழ் சுகாதார அமைச்சின் மருந்து விளம்பர வாரியத்திடம் ஒப்புதல் வாங்கி, ‘கேகேஎல்ஐயு’ என்று தொடங்கும் ஒப்புதல் எண்ணை விளம்பரத்தில் அச்சிட வேண்டும். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று எழுதச் சொல்லிக் கேட்கும் வைத்தியரிடம் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த வேலை வேண்டாம்.

8. விலையைப் பிரித்து எழுதுங்கள்

மொத்தமாக 2,400 வெள்ளி என்று எழுதினால் பக்கத்து அச்சகம் 180 வெள்ளிக்குப் பந்திங் அடிக்கிறதே என்பார்கள். யோசனைக்கும் டிசைனுக்கும் ஒரு வரி, அச்சுக்கு ஒரு வரி, உரிமச் செலவு ஒரு வரி, பேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரப் பணம் ஒரு வரி. பிரித்து எழுதினால் அச்சகத்தோடு ஒப்பிடக்கூடியது ஒரு வரி மட்டும்தான். அந்த வரியில் அவர்கள் மலிவு என்றால் அச்சை அவர்களிடமே கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் சம்பளம் முதல் வரியில் இருக்கிறது.

பேஸ்புக் விளம்பரப் பணத்தை உங்கள் அட்டையிலிருந்து கட்டாதீர்கள். முதலாளியின் அட்டையை அவர் கணக்கிலேயே இணைக்கச் சொல்லுங்கள். விளம்பரத் தொகைக்கு மேல் 8 விழுக்காடு சேவை வரியும் சேர்ந்து வரும். 2024 மார்ச் முதல் இதுதான் விகிதம். புதியவர்கள் இதைக் கணக்கில் சேர்க்க மறந்து தங்கள் லாபத்திலிருந்து கட்டுகிறார்கள். உங்கள் கட்டணத்துக்கு நீங்கள் சேவை வரி வாங்க வேண்டியது ஆண்டு வரவு 500,000 வெள்ளியைத் தாண்டும்போதுதான். அதற்கு முன் யாரிடமும் வரி என்று சொல்லி வாங்கக் கூடாது.

“குறைச்சுப் போடு தம்பி, நம்ம பையன்தானே” என்று கேட்காமல் இருக்கமாட்டார்கள். விலையைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். மாதம் எட்டுப் பதிவு ஐந்தாகட்டும். ஒருமுறை அதே வேலையைக் குறைந்த விலைக்குச் செய்தால், அடுத்த ஆண்டும் அதுதான் விலை, பக்கத்துக் கடைக்கும் அதுதான் விலை. முன்பணம் பாதி, மீதி எப்போது என்பதைத் தேதியோடு எழுதுங்கள்.

9. காட்டும் நாள்

இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வரிசை இது: அவர்கள் ஒப்புக்கொண்ட பிரச்சினை, ஊரில் நீங்கள் பார்த்தது, ஒரே யோசனை, அது அவர்கள் கடையில் எப்படி இருக்கும் என்ற படம், விலை, தேதிகள். உங்களைப் பற்றிய அறிமுகத்தை முதலில் வைக்காதீர்கள். ஐந்து நிமிடம் கழித்து ஒரு வாடிக்கையாளர் வந்து முதலாளி எழுந்து போய்விட்டால், அவர் காதில் விழுந்தது உங்கள் டிப்ளோமா மட்டுமாக இருக்கும்.

அப்படி எழுந்து போனால் அமைதியாகக் காத்திருங்கள். திரும்பி வந்ததும் முதல் வரியிலிருந்து தொடங்காமல், விட்ட இடத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லித் தொடருங்கள்.

கடையின் உண்மையான முகப்பைப் படமெடுத்து அதன்மேல் பந்திங்கைப் பொருத்திக் காட்டுங்கள். இரண்டு அடிக்கு ஆறு அடி என்று வாயால் சொன்னால் யாருக்கும் கண்ணில் வராது. முடிந்தால் ஒரு பகுதியை உண்மை அளவில் அச்சிட்டுச் சாலைக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கச் சொல்லுங்கள். மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு எத்தனை சொல் தெரியும் என்பது அங்கேயே முடிவாகிவிடும், அப்பா படத்தைப் பெரிதாக்கும் பேச்சும் அடங்கும்.

கூட இருக்கும் எல்லாரையும் பார்த்துப் பேசுங்கள். மூலையில் உட்கார்ந்து கணக்கு எழுதும் அக்காதான் பல கடைகளில் கடைசிச் சொல். சீனத் தவுக்கே (முதலாளி) கடை என்றால் மலாயில் ஒரு பக்கச் சுருக்கம் அச்சிட்டுக் கொண்டுபோங்கள். அவர் அதை வீட்டில் காட்ட வேண்டியிருக்கும்.

விலையைச் சொன்ன பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். அமைதி நீண்டால் பயத்தில் நாமே “கொஞ்சம் குறைக்கலாம் அண்ணே” என்று சொல்லிவிடுகிறோம். அவர் அப்போது யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

கிளம்பும் முன் ஒரு கேள்வி: “எந்தத் தேதிக்குள் சொல்வீர்கள்?” இந்தத் தேதி இல்லாமல் எழுந்துவராதீர்கள்.

10. காத்திருக்கும் நாட்கள்

இந்தத் தொழிலின் கஷ்டம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. வேலை செய்யும்போது களைப்பு வரும், ஆனால் மனம் தெளிவாக இருக்கும். பதில் வராத நாட்களில் கைப்பேசியை எடுத்து எடுத்துப் பார்ப்போம். நீல நிற டிக் விழுந்திருக்கும், பதில் இருக்காது. பெரிய தெருவில் போனால் அந்தக் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். பிட்ச்சில் நம்மை வேண்டாம் என்றவருடைய முகத்தைக் கோயிலிலும் பாசார் மாலாமிலும் (இரவுச் சந்தையிலும்) மறுபடி மறுபடி பார்க்க வேண்டிய ஊர் இது. நகரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தச் சுமை தெரியாது.

அதனால் விதியை முன்கூட்டியே வையுங்கள். அவர் சொன்ன தேதியில் ஒரு செய்தி. ஒரு வாரம் கழித்து இன்னொன்று. அதற்குப் பிறகு பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். இரவில் கூப்பிடாதீர்கள், உறவினர் மூலம் சொல்லி அனுப்பாதீர்கள். மாமா மூலம் வாங்கிய வேலையில் பணம் வராவிட்டால் மாமாவிடம்தான் போய் நிற்க வேண்டும், அந்த உறவும் கெடும்.

ஒரே நேரத்தில் இரண்டு பிட்ச்சுக்கு மேல் வைக்காதீர்கள். ஒன்று மட்டும் இருந்தால் மனம் அதிலேயே தொங்கும். மூன்று நான்கு ஆனால் மூன்றாம், நான்காம் படிகளை ஏமாற்றத் தொடங்குவோம், ஊரைப் போய்ப் பார்க்காமல் எழுதுவோம், தோற்போம்.

“நீ வேலையை ஆரம்பி, பணம் பார்த்துக்கலாம்” என்று பதில் வந்தால் அதைச் சம்மதமாக எடுக்காதீர்கள். சிரித்தபடியே, “முன்பணம் வந்த நாளிலிருந்து பத்து நாளில் முடித்துத் தருகிறேன் அண்ணே” என்று சொல்லிவிடுங்கள். முன்பணம் இல்லாமல் தொடங்கிய வேலைதான் திருத்தத்துக்கு மேல் திருத்தமாக நீளும், ஏனென்றால் அவருக்கு அதில் இன்னும் பணம் போகவில்லை.

11. பதில் வந்த பிறகு

இல்லை என்றால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: விலையா, யோசனையா, நேரமா? பதிலை எழுதி வையுங்கள். விலை என்ற பதில் தொடர்ந்து வந்தால் மூன்றாம் படியில் பட்ஜெட்டைச் சரியாகக் கேட்கவில்லை என்று பொருள். உங்கள் யோசனை இன்னொருவர் செய்த பேனரில் தொங்குவதைப் பார்த்தால் வலிக்கும். ஊர் நடுவில் சண்டைக்குப் போகாமல், அந்த முதலாளியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அடுத்த பிட்ச்சில் ஆறாம் படியை இன்னும் இறுக்கிக்கொள்ளுங்கள்.

ஆம் என்றால் அன்றே எழுத்தில் உறுதி வாங்கி, இன்வாய்ஸ் அனுப்பி, முன்பணம் வந்ததும் தொடங்குங்கள். தொடங்கும் முன் இப்போதைய எண்ணிக்கையைக் கடையில் இரண்டு வாரம் குறிக்கச் சொல்லுங்கள். 25 பேர் என்று அவர் வாயால் சொன்னது 18 ஆகக்கூட இருக்கலாம். பழைய எண் இல்லாமல் புதிய எண்ணுக்கு மதிப்பில்லை.

இந்தத் தொழிலின் சந்தோஷம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. செவ்வாய்க்கிழமை மதியம் காலியாகக் கிடந்த மேசைகளில் ஆசிரியர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். வேன் நேரத்தைப் படித்துவிட்டு வந்ததாக ஓர் அம்மா சொல்வதைக் கேட்கலாம். வேறு எந்த வேலையில் ஒருவர் கேட்டரிங் கணக்கையும், நகைக்கடைச் சேதாரத்தையும், கிளினிக் பதிவேட்டையும் உள்ளிருந்து பார்க்க முடியும்? ஒவ்வொரு பிட்ச்சும் ஒரு தொழிலைக் கற்றுக்கொடுக்கிறது, தோற்றதும் சேர்த்து. நீங்கள் நன்றாகச் செய்த வேலையை ஊரே பார்க்கும். அடுத்த அழைப்பு, நீங்கள் தேடிப் போகாமலே, அந்த முதலாளியின் வாய்ச்சொல்லால் வரும்.

மூன்று மாதம் முடிந்ததும் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மறுபடியும் மாத நடுவில் போங்கள். எண் ஏறாவிட்டாலும் போங்கள், ஏன் ஏறவில்லை என்று நீங்கள் நினைப்பதைச் சொல்லுங்கள். அதே சந்திப்பில் தீபாவளி வேலையைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். அதைக் கேட்க ஆகஸ்ட்டைத் தாண்டவிடாதீர்கள். செப்டம்பர் வந்துவிட்டால் நல்ல அச்சகங்களில் வரிசை நீண்டுவிடும், உரிமத்துக்கும் நேரம் போதாது, துணிக்கடைக்காரர் போன ஆண்டுப் பேனரையே தேதி மாற்றி ஏற்றிவிடுவார்.